கடற்கரைப் பாட்டு ஒன்றைச் சீர் பிரித்துப் பார்ப்பது எப்படி?

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், புகார்க் கடற்கரையில் கோவலன் பாடுவது இது:

திரைவிரி தருதுறையே திருமணல் விரியிடமே
விரைவிரி நறுமலரே மிடைதரு பொழிலிடமே
மருவிரி புரிகுழலே மதிபுரை திருமுகமே
இருகயல் இணைவிழியே எனையிடர் செய்தவையே

நேர், நிரை என்ற இரண்டு அசைகளும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன். பாட்டைத் தாளில் எழுதிப் பென்சிலால் கோடு போடுங்கள். யாப்பைப் பிரித்துக் காட்டும் அவலோகிதம் மென்பொருள் நல்லதுதான், ஆனால் கையால் பிரித்த பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள், இல்லாவிட்டால் காது பழகாது.

முதலில் அசை. திரை/விரி, தரு/துறை/யே, திரு/மணல், விரி/யிட/மே. கருவிளம் (நிரை நிரை), கருவிளங்காய் (நிரை நிரை நேர்), மறுபடி கருவிளம், கருவிளங்காய். அலை வந்து போகிற மாதிரி இதே அடுக்கு பாட்டு முழுக்க ஓடி, கடைசிச் சீரில் மட்டும் மாறுகிறது: செய்/தவை/யே, கூவிளங்காய் (நேர் நிரை நேர்). வருத்தத்தைச் சொல்லும் 'எனையிடர் செய்தவையே' முடிவதும் அந்தச் சீரில்தான்!

அடுத்து எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. திரை, விரை என்று இரண்டடி. மரு, இரு என்று இரண்டடி. கரையையும் பொழிலையும் சொல்லி முடித்து, பாடப்படும் பெண்ணின் கூந்தலுக்கு வரும் இடத்தில்தான் எதுகையும் மாறுகிறது.

மோனைக்கு, அதாவது முதல் எழுத்து ஒன்றி வருவதற்கு, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் இங்கேதான் அதிக நேரம் பிடித்தது. திரை–திரு, மரு–மதி கண்ணில் பட்டுவிடும். விரை–மிடை, இரு–எனை? ஒரே எழுத்தைத் தேடினால் கிடைக்காது. மோனையில் வகரமும் மகரமும் இனம், இகரமும் எகரமும் இனம். அப்படிப் பார்த்தால் நான்கு அடியிலும் முதல் சீரும் மூன்றாம் சீரும் சேர்கின்றன, அதாவது பொழிப்பு மோனை.

அப்புறம், திரும்ப வருபவை. 'விரி' நான்கு முறை: அலை, மணல், பூவின் மணம், கடைசியாக அவள் கூந்தல். கடற்கரையை அவளோடு கட்டிவைப்பது இந்த ஒரு சொல்தான் என்பது என் கருத்து. எட்டு அரையடியும் ஏகாரத்தில் முடிகின்றன. 'எனையிடர் செய்தவையே' இதோடு சேர்ந்த மற்ற இரண்டு பாட்டுக்கும் முடிவாக வருகிறது.

பிற்சேர்க்கை: 'பொழில்தரு நறுமலரே' என்ற, இந்த மூன்றில் முதல் பாட்டில் சீர்க் கணக்கு உதைக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், அதில் வில்லிணையே, மின்னிடையே இரண்டும்கூட கூவிளங்காய். கடைசிச் சீரில் மட்டும் மாறுவது இந்தப் பாட்டிலும், 'வளைவளர் தருதுறையே' என்ற மூன்றாவதிலும்தான். சொல் பிரித்து அச்சிட்ட பதிப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் இடைவெளி பொருளுக்காக விட்டது, அதை வைத்துச் சீரை எண்ணாதீர்கள்.