பெட்டியில் 2000 லூமன், கையில் எவ்வளவு? மலிவு டார்ச்சை வீட்டிலேயே அளப்பது எப்படி

முன்பக்கத்தை இழுத்தால் ஒளி குவியும், ஒரே ஒரு ஏஏ செல்லில் எரியும் குட்டி ஜூம் டார்ச். எஸ்கே68 என்று தேடினால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பத்துப் பெயர்களில் வரும். பெட்டியில் 2000 லூமன் (டார்ச் தரும் மொத்த ஒளியின் அளவு) என்று போட்டிருந்தால் அதை அளந்து பார்க்கக்கூடத் தேவையில்லை, கணக்குப் போட்டாலே போதும்.

2000 எம்ஏஎச் நிக்கல் ரீசார்ஜ் செல்லில் இருப்பது 1.2 × 2 = 2.4 வாட்-மணி. எல்ஈடியும், அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சர்க்யூட்டான டிரைவரும் சேர்ந்து வாட்டுக்கு 100 லூமன் தருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தக் கையிருப்பு 240 லூமன்-மணி. 100 லூமனில் எரித்தால் 2 மணி 24 நிமிடம், அவ்வளவுதான். 2000 லூமனுக்கு 20 வாட் வேண்டும், அதாவது 1.2 வோல்ட் செல்லிலிருந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். செல் அங்கேயே படுத்துவிடும்.

உண்மையில் எவ்வளவு தருகிறது என்று பார்க்கத் தேவையானவை: லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் ஆப் போட்ட ஆண்ட்ராய்டு போன், அளவு டேப், வெள்ளை சீலிங் உள்ள சின்ன அறை, முழு சார்ஜில் ஒரு செல். கூடவே, லூமன் அளவு நம்பகமாகத் தெரிந்த இன்னொரு டார்ச். இந்தக் கடைசிப் பொருள் இல்லாமல் லூமன் கணக்கே கிடையாது. ஐபோன் இதற்குச் சரிவராது. அதில் ஆப்களுக்கு ஒளி சென்சார் கிடைப்பதில்லை, கேமராவை வைத்தே மதிப்பிடுகின்றன. இரண்டு டார்ச்சுக்கு மேல் அளக்கப் போகிறீர்கள் என்றால், சென்சார் தனியாக வயரில் தொங்கும் எல்எக்ஸ்1010பி மாதிரி சாதாரண லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அதைவிட விலை உயர்ந்தது இந்த வேலைக்கு வீண்.

படி 1: மொத்த வெளிச்சம்

டார்ச்சை மேசைமேல் சீலிங்கைப் பார்த்தபடி நிறுத்துங்கள். போனை ஒரு மீட்டர் தள்ளி, திரை மேல்நோக்கி இருக்க வையுங்கள். சீலிங்கில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே சென்சாரில் விழ வேண்டும். சென்சார் பெரும்பாலும் காது வைத்துக் கேட்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். விரலால் மறைத்துப் பார்த்தால் எண் சரியும், இடம் தெரிந்துவிடும்.

டார்ச்சைப் போட்ட உடனே வரும் எண்ணை எழுதாதீர்கள். சூடு ஏற ஏற எல்ஈடியின் ஒளி குறையும். டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1-உம் 30 வினாடி கழித்துத்தான் அளக்கச் சொல்கிறது. லூமன் தெரிந்த டார்ச்சையும் இதேபோல அளந்தால் பிறகு கணக்கு எளிது. 300 லூமன் டார்ச் 42 லக்ஸ் காட்டி, புதியது 21 காட்டினால், புதியது 150 லூமன்.

எளிதாகத் தெரியும் இந்தப் படிதான் அதிகம் காலை வாரும். முதல் குற்றவாளி சீலிங் ஃபேன். இறக்கை சுற்றும்போது ஒளியை வெட்டி வெட்டி விடும், லக்ஸ் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஃபேனை நிறுத்துங்கள். ஃபேனுக்கு நேர் கீழே டார்ச்சை வைக்கவும் வேண்டாம். இரண்டாவது குற்றவாளி நீங்களே. வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நின்றால் உங்கள்மேல் பட்டும் ஒளி திரும்பும், தள்ளி நின்றால் குறையும். இரண்டு டார்ச்சுக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள். போனும் டார்ச்சும் இருந்த இடத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும். டார்ச்சை அணைத்தும் ஒரு தடவை பாருங்கள். 2 லக்ஸ் காட்டினால் எல்லா அளவிலும் அந்த 2-ஐக் கழிக்க வேண்டும்.

ஜூம் டார்ச்சில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பக்கத்தை இழுத்துக் குவித்தால் லென்ஸ் எல்ஈடியை விட்டு விலகும். பக்கவாட்டில் போகும் ஒளி லென்ஸுக்குள் வராமல் உள்சுவரில் மோதி வீணாகும். வட்டம் பளிச்சென்று இருக்கும், மொத்த லூமனோ குறைந்திருக்கும். ஆகவே லூமனை எப்போதும் விரித்த நிலையில் அளக்க வேண்டும்.

படி 2: எவ்வளவு தூரம்

இதற்குக் குவித்த நிலை. 3 முதல் 5 மீட்டர் தள்ளி, ஒளிவட்டத்தின் நடுவில் சென்சாரைப் பிடித்து, கிடைக்கும் அதிகபட்ச லக்ஸை எழுதுங்கள். ஒரு மீட்டரில் அளந்தால் கற்றை முழுதாக உருவாகியிருக்காது, எண் பொய் சொல்லும். லக்ஸைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டெலா, அதாவது ஒரு திசையில் போகும் ஒளியின் வீச்சு. 3 மீட்டரில் 400 லக்ஸ் என்றால் 400 × 9 = 3600. அதன் வர்க்கமூலம் 60, இருமடங்கு 120. பெட்டியில் போடும் ‘120 மீட்டர்’ இதுதான். அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். ஆள் நிற்பது தெரியலாம், முகம் தெரியாது. நடைமுறைக்குப் பாதித் தூரத்தையே நம்புங்கள்.

படி 3: எவ்வளவு நேரம்

படி 1-இல் வைத்தபடியே வைத்து 30 வினாடி, 1, 3, 5, 10 நிமிடம், அதன்பின் பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். டேபிள் ஃபேன் காற்று டார்ச்மேல் படக்கூடாது. பட்டால் சூடு குறைந்து, உள்ளதைவிட நல்ல எண் வரும்.

எஃப்எல்1 கணக்கில், முதல் அளவின் 10 சதவீதத்துக்கு ஒளி இறங்கும்வரை ஓடும் நேரம்தான் எரியும் நேரம். 150-இல் தொடங்கி அரைமணியில் 20-க்கு விழுந்து, அப்படியே ஐந்து மணி நேரம் மினுக்கினாலும் ‘5 மணிக்கு மேல்’ என்று போடலாம், விதிப்படி தவறில்லை. எனவே 50 சதவீதத்தைத் தொடும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். டார்ச்சின் தரம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. எழுதிய எண்களை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். கோடு நேராகப் போய்க் கடைசியில் செங்குத்தாக விழுந்தால் டிரைவர் நல்லது. தொடக்கத்திலிருந்தே சறுக்குமரம் போல இறங்கினால் காசுக்கேற்ற டிரைவர்.

சோதனைக்கு அல்கலைன் செல் வேண்டாம். அதிக இழுப்பில் அதன் வோல்டேஜ் சீக்கிரம் சரியும், செல்லின் குறை டார்ச்சின் கணக்கில் ஏறிவிடும். 14500 லித்தியம் செல்லும் ஏஏ அளவுதான், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச் அதைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் டிரைவர் கருகும். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத லித்தியம் செல்லோடு டார்ச்சை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஒளி மங்கியதும் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 3 வோல்ட்டை நெருங்கினால் சோதனை முடிந்தது.

படி 4: ஒளியின் நிறம்

ஒரே டார்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், நீலமும் வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டு டார்ச்சை வெள்ளைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்கள். அப்போதுதான் ஒன்றில் பச்சைச் சாயல் இருப்பது பிடிபடும். குறைந்த வெளிச்ச மோடிலும் பாருங்கள், பச்சை அதிகம் எட்டிப் பார்ப்பது அங்கேதான். படம் எடுத்தால் வொயிட் பேலன்ஸை 5000 கெல்வினில் பூட்டுங்கள் (கெல்வின் என்பது வெள்ளை ஒளியின் சாயலைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும்). ஆட்டோவில் விட்டால் போன் எல்லாவற்றையும் திருத்தி ஒரே நிறமாக்கிவிடும்.

அடுத்து குங்குமம், மிளகாய்த்தூள், மஞ்சள் மூன்றையும் ஒரு தட்டில் வைத்து ஒளி அடியுங்கள். மலிவான 6500 கெல்வின் எல்ஈடியில் சிவப்புப் பகுதி குறைவு. குங்குமம் பழுப்படித்து மிளகாய்த்தூளோடு சேர்ந்துவிடும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், அதிகபட்சம் 100) 90-க்கு மேலான எல்ஈடியில் மூன்றும் தனித்தனியாக நிற்கும். ஒயரிங் வேலைக்கு டார்ச் தேடுபவர்கள் லூமனைவிட இதைத்தான் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரிந்தால் ஆபத்து.

பின்சேர்க்கை

டார்ச் அணைந்திருந்தும் லக்ஸ் 5-க்குக் கீழே இறங்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். திரைக்கு அடியில் சென்சார் உள்ள போன்களில் திரையின் ஒளியே உள்ளே கசியும். பிரைட்னஸை அடியோடு குறைத்து, ஆப்பில் கறுப்புப் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள்.

குறைந்த மோடில் கண் வலிக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் பிடபிள்யூஎம், அதாவது எல்ஈடி வேகமாக அணைந்து எரிவது. கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/4000-இல் வைத்துச் சுவரில் விழும் ஒளியைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான். பட்டைகள் அகலமாக இருந்தால் துடிப்பு மெதுவானது, கண்ணை உறுத்துவதும் அந்த வகைதான்.