பக்கத்து ஜிம்மில் எடைப்பயிற்சி: சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவையும், சேர்ந்தபின் விடாமல் தொடரும் முறையும்

எடைப்பயிற்சி தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கருவிகள் நிறைந்த, குளிரூட்டிய ஜிம்மைத் தேடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தூரத்தைத்தான். வேலை முடிந்து களைத்து வரும் மாலையிலும், மழை தூறும் காலையிலும் தயங்காமல் போய்வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். நடந்தோ வண்டியிலோ பத்து நிமிடத்திற்குள் இருப்பது நல்லது. இரண்டு, மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, நீங்கள் தினமும் செல்லப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். பிற்பகலில் வெறிச்சோடிக் கிடக்கும் ஜிம்மில், மாலை ஏழு மணிக்கு ஒரு பெஞ்சுக்காக நான்கு பேர் காத்திருக்கக்கூடும்.

உள்ளே சென்றதும் மூன்று பொருள்களைக் கவனியுங்கள். ராடு நழுவினால் தாங்கும் குறுக்குக் கம்பிகளுடன் கூடிய ஸ்குவாட் ரேக் (எடை ராடை வைத்து எடுக்கும் இரும்புச் சட்டம்) இருக்கிறதா, ராடுகள் வளையாமல் இருக்கின்றனவா, ராடின் முனைகளில் மாட்டும் எடைத் தட்டுகளான பிளேட்டுகளில் 1.25 கிலோ அளவில் ஒரு ஜோடியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிறிய பிளேட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை; ஆனால் தொடக்கநிலையினரின் முன்னேற்றம் பெரும்பாலும் அதைச் சார்ந்தே இருக்கிறது. ஜோடியாகச் சேர்த்தால் ராடின் எடை 2.5 கிலோ மட்டுமே கூடும். அது இல்லாத ஜிம்மில் அடுத்த நிலை 5 கிலோ அல்லது 10 கிலோ தாவலாகிவிடுகிறது. தோள்பட்டைப் பயிற்சியில் அந்தத் தாவலைப் பலரால் தாங்க முடிவதில்லை. காயமுற்ற வீரர்களின் தசைகளை மீட்பதற்காக அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம் 1945-இல் வெளியிட்ட பயிற்சி முறையும், சுமையைப் படிப்படியாக உயர்த்துவதையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

ஆண்டுச் சந்தா செலுத்தினால் பாதிக் கட்டணம் என்று சொன்னாலும், முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் பணம் கட்டுங்கள். அந்த மாதத்தில் மாஸ்டர் பயிற்சியின்போது நீங்கள் உடலை வைத்துக்கொள்ளும் விதத்தைத் திருத்துகிறாரா, அல்லது புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்வதில் மட்டுமே அக்கறை காட்டுகிறாரா என்பது தெரிந்துவிடும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், மூட்டு அல்லது முதுகுத் தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே சேர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் தசை வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே வாரம் ஆறு நாள் என்று தொடங்காமல், இடையில் ஓய்வு விட்டு இரண்டு அல்லது மூன்று நாள்களே வையுங்கள். ஒரு நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), பெஞ்சு பிரஸ் (பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை உடலை நோக்கி இழுப்பது). மறுமுறை டெட்லிஃப்ட் (தரையிலுள்ள ராடைத் தூக்கி நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (எடையைத் தலைக்கு மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலே தொங்கும் கம்பியை மார்பை நோக்கி இழுப்பது). ஒவ்வொன்றிலும் எட்டு ரெப்ஸ் (ஒரு அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது ஒரு ரெப்) வீதம் மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்), இடையில் இரண்டு நிமிட ஓய்வு. தொடக்கத்திற்கு இதுவே போதுமானது.

ஸ்குவாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் வாரம் ராடைத் தொடாமல் வெறும் உடலோடு செய்யுங்கள். பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, விரல்களைச் சற்று வெளிப்புறம் திருப்பி, மூச்சை நிறைய இழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டு, பின்னால் இருக்கும் தாழ்வான முக்காலியில் உட்காரப் போவதைப் போல இடுப்பை இறக்குங்கள். முழங்கால்கள் உள்நோக்கி மடங்காமல், பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே செல்ல வேண்டும். குதிகால் தரையை விட்டு எழுந்தால் அந்த அளவிற்கு இன்னும் இறங்கக் கூடாது என்று பொருள். இது கைவந்த பிறகு வெறும் ராடைத் தோளில் ஏற்றுங்கள். முனைகள் தடித்த ஏழடி ஒலிம்பிக் ராடு தனியே 20 கிலோ எடையுள்ளது. மற்ற ராடுகள் ஜிம்முக்கு ஜிம் மாறுபடும் என்பதால் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெஞ்சு பிரஸ் செய்யும்போது எடை குறைவாக இருந்தாலும் தலைமாட்டில் ஒருவரைச் சப்போர்ட்டுக்கு நிற்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, தேதி, பயிற்சி, எடை, ரெப்ஸ் ஆகியவற்றை ஒவ்வொரு செட் முடிந்ததும் அங்கேயே எழுதுங்கள். எட்டில் தொடங்கிய ரெப்ஸை மெல்லக் கூட்டி, மூன்று செட்டிலும் பத்து ரெப்ஸ் சீராக முடிந்தால், அடுத்த முறை 2.5 கிலோ கூட்டி மீண்டும் எட்டிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடியில் மாற்றம் தெரியப் பல வாரங்கள் ஆகும். நோட்டிலோ இரண்டாவது வாரத்திலேயே தெரியத் தொடங்கும். பலர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவதற்கு, தங்கள் முன்னேற்றத்தைத் தாங்களே பார்க்க முடியாததும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி செய்த மறுநாளோ மூன்றாம் நாளோ தசைகளில் வலி மிகுந்திருக்கும். அது தானே தணியும். மெல்ல நடந்தால் இதமாக இருக்கும். மூட்டில் குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உணவில் முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வேளைதோறும் இருக்கட்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது.

திருவிழா, காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்று இடைவெளி விழத்தான் செய்யும். ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய எடையிலேயே தொடரலாம். இரண்டு, மூன்று வாரங்கள் ஆகியிருந்தால், நோட்டில் கடைசியாக எழுதிய எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு, இரண்டு செட்டுகளோடு அன்றைய பயிற்சியை முடித்துவிடுங்கள்.