டர்போ காரிலிருந்து பாரம் குறைந்த கூப்பேக்கு மாறுகிறவர்கள் மலையில் செய்யும் தவறுகள்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போவும் நான்கு சக்கர இழுவையும் உள்ள லான்சர் எவலூஷனையோ (எவோ) சுபாரு எஸ்.டி.ஐ.யையோ விற்றுவிட்டு, டர்போ இல்லாத, பாரம் குறைந்த டொயோட்டா 86 கூப்பே வாங்கிக்கொண்டு வருகிற தம்பிமார் எங்கள் கராஜில் இப்போது அடிக்கடி தென்படுகிறார்கள். எவோவுக்கு உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்தவர், பெற்றோல் செலவு கட்டுபடியாகாதவர், கல்யாணத்துக்கு முன் ஓர் ஆசையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவர் என்று ஆளுக்கொரு காரணம். ஆனால் வாங்கிய கொஞ்ச நாளில் வந்து சொல்லும் முறைப்பாடு மட்டும் ஒன்றுதான். எங்கள் வயதுக்காரர்கள் ஒரு காலத்தில் ஆடிய அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் ஆடுகிறார்கள்.

மழையில் மெதுவாகப் போ, வளைவில் ஹோன் அடி, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு என்பதெல்லாம் இந்த மலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எஞ்சின் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். பணமும் அதிகமாகப் போவது இதில்தான்.

கதை எப்போதும் ஒரே மாதிரிப் போகும். காரைக் கொழும்பில் போய்ப் பார்ப்பார்கள். அங்கே ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு, அவிசாவளை வழியாக ஏ7 வீதியில் ஏறத் தொடங்குவார்கள். கினிகத்தேனை தாண்டும்போது ஒரு சந்தேகம். அட்டன் வரும்போது சந்தேகம் உறுதி. நானுஓயா ஏற்றத்தில் "ஏமாற்றிவிட்டான்" என்று விற்றவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் சுற்றியிருக்கும் காற்றைத் தானே இழுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். காற்று மெலிந்தால் சக்தியும் மெலியும், சிவனொளிபாத மலை ஏறுகிறவருக்கு மூச்சு வாங்குவது போல. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடாகும். அப்படியும் தொழிற்சாலைக் கணக்கில் 200 குதிரைத்திறன் உள்ள எஞ்சினிடம் நுவரெலியாவில் 170 பக்கம் கிடைத்தால் அது ஆரோக்கியமான எஞ்சின்.

எவோவில் இது தெரியாது. காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, வழக்கமான அழுத்தத்தைப் பெரும்பாலும் எட்டிவிடும். வருடக்கணக்கில் டர்போ ஓட்டி இந்த மலை ஏறி இறங்கியவருக்கு, உயரம் எஞ்சினைப் பாதிக்கும் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

உயரம் பாதிக் கதை. மீதி, ஓட்டுகிறவரின் வலது காலிலும் இடது கையிலும் இருக்கிறது. பத்தாம் தலைமுறை எவோவின் (எவோ 10) முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, 422 நியூட்டன் மீட்டர். அது 3,500 ஆர்.பி.எம்.மிலேயே, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 முறை சுற்றும்போதே, வந்துவிடும். மூன்றாம் கியரில் போட்டுவிட்டுக் காலை அழுத்தினால் போதும், மலை தானாகக் கீழே போகும். 2012இல் வந்த 86இன் 2 லீற்றர் எஞ்சினுக்கு உள்ளதே 205 நியூட்டன் மீட்டர். அதுவும் 6,400க்குப் பிறகுதான் முழுதாக வரும். அப்புறம், 3,200இலிருந்து 4,800 வரை ஒரு பள்ளம் வேறு இருக்கிறது. அந்த இடத்தில் முறுக்குவிசை கூடுவதற்குப் பதிலாகக் குறையும். இது பழுதில்லை, அந்த எஞ்சினின் சுபாவம்.

இதை நம் வீதியில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் மூன்றாம் கியரில் ஆர்.பி.எம். முள் 3,200 பக்கம் நிற்கும், அதாவது பள்ளத்தின் வாசலில். அதே 60இல் இரண்டாம் கியர் போட்டால் 4,600. பள்ளத்தின் மறுகரை எட்டிவிட்டது. 70இல் 5,300க்கு மேல் போய்விடும், எஞ்சின் விழித்துக்கொள்ளும். ஆக, சட்டம் அனுமதிக்கிற வேகத்துக்குள்ளேயே இந்தக் காரை அனுபவிக்கலாம். ஒரு கியர் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, எஞ்சின் செத்துப்போச்சு." அதற்கு முன் வேறு ஒரு கராஜில் பிளக், கொயில், எயார் ஃபில்டர் எல்லாம் மாற்றி முடித்திருந்தார்கள். நான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தேன். நான்கு சிலிண்டரும் சமமாக நின்றன. "ஏறு, நீயே ஓட்டு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற வீதி. மூன்றாம் கியர், முள் 3,000, ஆக்சிலரேட்டர் தரையோடு. கார் முனகிக்கொண்டு ஏறியது. "இரண்டுக்குப் போ" என்றேன். போட்டார். முள் எகிறியதும் பயந்து காலை எடுத்துவிட்டார். "கத்துதே அண்ணே!" கத்தட்டும், 7,400 வரை போவதற்காகச் செய்த எஞ்சின், விடாதே என்றேன். அடுத்த ஏற்றத்தில் விடாமல் பிடித்தார். 5,500 தாண்டியதும் இருக்கை முதுகைத் தள்ளியது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரியவில்லை. முதலில் எக்ஸோஸ்ட் மாற்றினார். சத்தம் கூடியது. பிறகு காற்று இழுக்கும் குழாய். இன்னும் கொஞ்சம் சத்தம் கூடியது. அதற்கும் பிறகு, யாரோ கழற்றி விற்ற டர்போ கிட் ஒன்றை வாங்கிக் கொழும்பில் ஓர் இடத்தில் பூட்டிக்கொண்டு வந்தார்.

86 எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு இறுக்குகிறது என்ற கணக்கு, 12.5க்கு 1. டர்போவுக்கென்று செய்யும் எஞ்சின்களில் அது ஒன்பது, பத்து என்று இருப்பது சும்மா இல்லை. ஏற்கெனவே இறுக்கி அடைக்கிற சிலிண்டருக்குள் மேலும் காற்றைத் திணித்தால் பெற்றோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். நல்ல டியூனிங்கும் நல்ல பெற்றோலும் இருந்தால் குறைந்த பூஸ்ட்டில் (டர்போ திணிக்கிற அழுத்தத்தில்) சமாளிக்கலாம், செய்து காட்டியவர்களும் உண்டு. ஆனால் நம் பக்கத்து ஷெட்டில், முன்பே வெடிக்காமல் கூடுதலாகத் தாங்குகிற 95 ஒக்டேன் பெற்றோல் முடிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்தத் தம்பி செய்ததைத்தான் செய்வீர்கள். 92 அடித்துக்கொண்டு, மெதுவாகப் போகலாம் என்று கிளம்பி, ஏற்றத்தில் ஒரு கொழுந்து லொறியைக் கண்டதும் அதை மறந்துவிடுவீர்கள். எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து, சிலிண்டர் சுவர் கீறியிருந்தது. எவோ விற்ற காசில் மிச்சம் வைத்திருந்தது அத்தனையும் இன்னொரு பழைய எஞ்சினுக்குப் போனது.

எனக்குக் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை, இந்தக் கார் எதற்கென்று பார்க்காத பழக்கத்தின் மேல்தான். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், பிடித்து வைக்கிற டயர் வேண்டாம் என்று முடிவு செய்து, அதை வெளிப்படையாகச் சொல்லியே உருவாக்கிய கார் இது. டொயோட்டாவில் இதன் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா. அந்தப் பள்ளத்தைப் பற்றி உலகம் முழுவதும் முணுமுணுத்தார்கள். அதற்கும் டொயோட்டா டர்போ வைக்கவில்லை. அடுத்த தலைமுறை ஜி.ஆர்.86இல் எஞ்சினை 2.4 லீற்றராகப் பெரிதாக்கி, 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்.பி.எம்.முக்கே கொண்டுவந்தார்கள். உங்களுக்கு இழுவைதான் முக்கியம் என்றால் எவோவையே வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல கார். 86 வாங்கி அதை எவோவாக மாற்றினால் இரண்டு காரும் உங்களிடம் இருக்காது.

ஏப்ரல் சீசனில் மஹாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 1934இலிருந்து நடக்கிற போட்டி அது. கூட்டத்தோடு நின்று பெரிய கார்களை மட்டும் பார்த்துக் கைதட்டாமல், சின்ன எஞ்சின் கார்கள் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எங்கே கியர் மாறுகிறது, சுருதி எங்கேயாவது இறங்குகிறதா என்று. கெட்டிக்கார ஓட்டுநரின் கையில் அது இறங்கவே இறங்காது.

வளைவின் நடுவில் காலை எடுப்பது

எவோவும் எஸ்.டி.ஐ.யும் மறதிக்காரர்களை மன்னிக்கிற கார்கள். கொஞ்சம் வேகமாக வளைவுக்குள் போய்விட்டாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு பின்சக்கர இழுவைக் காரில் இறம்பொடை வளைவுகளுக்குப் போகாதீர்கள்.

நடப்பது இது. வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகம் அதிகம் என்று படும். சட்டென்று காலை எடுப்பார்கள். பாரம் முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், வால் வெளியே வரும். பயத்தில் பிரேக்கையும் மிதித்தால் முடிந்தது கதை. ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலைச் சரிவு. வெயிலில் இது நடக்காமல் தப்பலாம். மரநிழல் விழுகிற திருப்பங்களில் மழைக்காலம் முழுக்கப் பாசி படிந்திருக்கும். தோட்டத்து வீதியிலிருந்து ஏறும் லொறிகள் சேற்றைக் கொண்டுவந்து தாரில் அப்பிவிட்டுப் போகும். அங்கே முப்பதிலும் வால் ஆடும்.

பிரேக் வேலையை நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி இருங்கள். வெளியே வரும் வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகு மெல்லக் கூட்டுங்கள். பாரம் குறைந்த காரின் சுகம் தெரிவதே இங்கேதான். எவோ 10 1,500 கிலோவுக்கு மேல், 86 ஏறத்தாழ 1,240. அந்த வித்தியாசத்தை நேர் வீதியில் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறதே, அது அந்தக் கிலோக்களின் வேலை.

பழைய காரின் அகல டயரை இதற்கும் போடுவது

86க்குத் தொழிற்சாலையில் கொடுத்தது 215 மில்லிமீட்டர் அகலம், 17 அங்குல ரிம். பிரியஸுக்கும் போட்ட அதே மிஷெலின் பிரைமசி வகை. அதைப் பார்த்துவிட்டு "இது என்ன டயர்" என்று சிரித்து, 245 வாங்கி மாட்டுகிறார்கள். பாரம் குறைந்த காரில் அகல டயர் குளிரில் சூடேறாது, தேங்கிய தண்ணீரில் மிதக்கும், இருக்கிற கொஞ்ச சக்தியையும் தின்னும். அகலத்துக்குச் செலவழிக்கிற காசை நல்ல ரப்பருக்கும் தண்ணீரை வெளியேற்றும் ஆழமான டயர் வரிகளுக்கும் செலவழியுங்கள். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டுக்கொண்டு வால் ஆடுகிறது என்று என்னிடம் வராதீர்கள்.

காரைத் தாழ்த்துவது

வேண்டாம். தோட்டத்து மதகுகளைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

"பாரம் குறைவுதானே" என்று இறக்கத்தில் பிரேக்கை நம்புவது

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது 1,300 மீட்டருக்கு மேல் கீழே வருகிறீர்கள். அந்தச் சக்தி முழுவதும் எங்கேயாவது வெப்பமாகப் போக வேண்டும். கார் இலகு என்பதால் வெப்பம் குறையும், உண்மைதான். ஆனால் எவோவில் இருந்த பெரிய பிரெம்போ பிரேக்கும் பழைய 86களில் இல்லை. டிஸ்க் சின்னது, காலிப்பரும் சாதாரணமானது.

ஏறிய கியரிலேயே இறங்குவது நம் அப்பாமாரின் லொறிக்காலத்து விதி. இந்தக் காருக்கும் அது அப்படியே பொருந்தும். ரதல்ல குறுக்கு வீதியில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் கதையை இங்கே எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இன்னொன்று, பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 வகை பிரேக் ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 பாகைதான். வருடம் முழுக்க மூடுபனியும் மழையுமாக இருக்கிற ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கிய காருக்கு முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைப்பது

கார் வழுக்கும்போது தானாகவே பிடித்து நிறுத்தப் பார்க்கிற வசதி இது. யூடியூபில் அணைப்பவர்கள் காலி மைதானத்தில் அணைக்கிறார்கள். உங்களுக்கு எதிரே இ.போ.ச. பஸ் வருகிறது.

எவோவுக்கு ஊற்றிய ஒயிலையே ஊற்றுவது

தயாரிப்பாளர் சொன்னது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில். தடிமனாக ஊற்றினால் எஞ்சின் பலமாகிவிடாது.

வால்வ் ஸ்பிரிங் விசாரிக்காமல் வாங்குவது

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே இங்கே கைமாறுகிற 86களில் ஆரம்ப வருடத்துக் கார்கள் கணிசமாக உண்டு. 2012, 2013இல் செய்த கார்களுக்கு வால்வ் ஸ்பிரிங் (எஞ்சின் வால்வுகளைத் திரும்ப மூடுகிற சுருள்) உடையலாம் என்று 2018இன் கடைசியில் டொயோட்டாவும் சுபாருவும் திரும்ப அழைத்தன. 86இன் இரட்டைக் காரான சுபாருவின் பி.ஆர்.இசட்.டும் இதில் அடங்கும். அதை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். தனியார் இறக்குமதியில் வந்து, மூன்று நான்கு கை மாறிய காருக்கு அந்த வேலை நடந்ததா என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். சேசிஸ் இலக்கத்தை வைத்து முதலில் அதை விசாரியுங்கள், முற்பணம் கொடுப்பதைப் பிறகு பார்க்கலாம். அப்படியே, டர்போ கிட் பூட்டிக் கழற்றிய அடையாளம் இருக்கிறதா என்று எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் போல்ட்டுகளையும் ஒயில் குழாய் முனைகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தத் தலவாக்கலைக் காரும் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது.