லெப்பர்ட் கெக்கோ முட்டையிடும் காலம்: ஈரப்பெட்டி முதல் குஞ்சு வரை

லெப்பர்ட் கெக்கோ, வீட்டில் செல்லமாக வளர்க்கப்படும் ஒரு பல்லி வகை. ஆணுடன் சேராத பெண் லெப்பர்ட் கெக்கோ முட்டையிடாது என்றே புதிதாக வளர்ப்பவர் பலர் எண்ணுகிறார்கள். பருவமடைந்த பெண் தனித்திருந்தாலும் கருவில்லாத முட்டைகளை இடக்கூடும். ஆகவே முதல் மூன்று படிகள் ஒற்றைப் பெண்ணை வளர்ப்பவருக்கும் பொருந்தும்.

படி 1: பல்லியை ஒரு கண்ணாடி டப்பாவில் விட்டு அடிப்புறத்திலிருந்து பாருங்கள். முட்டை இருந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் நீள்வட்டமாக இரண்டு வெளிறிய உருவங்கள் தெரியும். விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். உணவில் கால்சியம் போதாவிட்டால் தாயின் எலும்பு கரையும் என்பதால், இரைப்பூச்சிகளைக் கால்சியம் தூளில் புரட்டிக் கொடுப்பதுடன், ஒரு சிறு மூடியில் தனியாகவும் தூளை வையுங்கள்.

படி 2: பல்லி முட்டையிட ஓர் ஈரப்பெட்டியைத் தயார் செய்யுங்கள். பல்லி தாராளமாகத் திரும்பக்கூடிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, விளிம்பை மழுக்கி, ஈரமான தேங்காய் நார்த்தூளை 7 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். கைப்பிடியளவு பிழிந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. முதல் முறை நான் இதைச் சேறாக்கி வைத்ததால், என் பல்லி பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே முட்டையிட்டது.

படி 3: இரை குறைந்து, மண்ணைத் தோண்டத் தொடங்கினால் தொந்தரவு செய்யாதீர்கள். வழக்கமாக இரண்டு முட்டைகள் வரும். தோண்டியும் முக்கியும் முட்டை வராமல் பல்லி சோர்ந்து கிடந்தால், முட்டை உள்ளே சிக்கியிருக்கக்கூடும். கைவைத்தியத்தில் நேரம் கழிக்காமல், ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள்.

படி 4: ஆணுடன் சேர்ந்த பெண்ணின் முட்டைகளை மட்டும் அடைகாக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கரு சீக்கிரமே ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், கோழிமுட்டையைப் போல இதைப் புரட்டினால் கரு இறந்துவிடலாம். வெர்மிகுலைட்டையும் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) தண்ணீரையும் சம எடையில் கலந்து, புள்ளி மேலே இருக்கும்படி பாதியளவு புதைத்து வையுங்கள். குஞ்சின் பாலினத்தை வெப்பமே முடிவு செய்கிறது: 27 டிகிரி செல்சியஸ் அளவில் பெரும்பாலும் பெண், 32 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண். ஒரு வாரம் கழித்து, இருட்டில் முட்டையைத் தொடாமல் சிறு டார்ச் ஒளியைக் காட்டினால், கருவுள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும்.

குஞ்சு வெளிவரும் நாள் வெப்பத்துக்கேற்ப மாறும். பெரும்பாலும் 40 முதல் 60 நாட்கள் ஆகலாம். அதற்குள் தாய் மறுபடியும் முட்டையிடக்கூடும் என்பதால், ஈரப்பெட்டியைக் கூண்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.