ரிசீட் என்று எழுதும்போது அந்த 'பி' எங்கே வரும், ஏன் வரும்?

ரிசீட் என்ற ஆங்கிலச் சொல்லை யோசிக்காமல் பேசிவிடுகிறோம், எழுதச் சொன்னால்தான் கை பாதியில் நின்றுவிடும். இ முன்னால் வருமா ஐ முன்னால் வருமா, பி (பென்சிலின் முதல் எழுத்து) உண்டா இல்லையா, இருந்தால் எங்கே? நானும் பல வருஷம் தப்பாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு முறை முப்பது பேருக்குப் போன மின்னஞ்சலின் தலைப்பிலேயே தப்பாக எழுதி, ஒரு புண்ணியவான் அதைத் திருத்தி அந்த முப்பது பேருக்கும் பதில் போட்டார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் படித்தேன். அதற்கப்புறம் பிழை வரவில்லை.

சரியான வரிசை இதுதான்: ஆர், இ, சி, இ, ஐ, பி, டி. ஏழு எழுத்து. சொல்லும்போது 'ரிசீட்', அழுத்தம் 'சீட்' மீது. இருக்கைக்குச் சொல்கிறோமே சீட், அதே ஒலியில் முடிய வேண்டும். 'ரிசிப்ட்' என்று பி-யையும் சேர்த்துச் சொல்பவர்கள் நிறையப் பேர், எழுத்தைப் பார்த்தால் வாய் அப்படித்தான் போகும், ஆனால் அந்த பி-க்கு இங்கே ஒலியே கிடையாது.

தடுக்குகிற இடம் இரண்டு. முதலாவது அந்த இ-யும் ஐ-யும். ஐ முன்னால், இ பின்னால், சி-க்கு அடுத்து வந்தால் மட்டும் மாற்றிப் போடு என்று ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. அதை அப்படியே நம்பினால் காலை வாரிவிடும். கூடவே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த இடத்தில் 'ஈ' என்ற நெடில் ஒலி கேட்டால் மட்டுமே வாய்ப்பாடு. ரிசீட், ரிசீவ், டிசீவ், வீட்டுக்கூரையின் உட்புறத்தைச் சொல்லும் சீலிங், எல்லாவற்றிலும் சி-க்கு அடுத்து இ, அப்புறம் ஐ. சயின்ஸில் சி-க்கு அடுத்து ஐ முன்னால் வருகிறதே என்றால், அங்கே ஈ ஒலி இல்லை, அதனால் அது கணக்கிலேயே சேராது. உயிரினங்களைச் சொல்லும் ஸ்பீஷீஸ் மாதிரி சில சொற்கள் ஈ ஒலியும் வைத்துக்கொண்டு விதியையும் மீறும். அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் பி, சுவாரஸ்யமும் அதில்தான். லத்தீனில் 'ரெகிபெரே' என்றால் திரும்ப எடுத்துக்கொள்வது, பெற்றுக்கொள்வது. அதிலிருந்து வந்த 'ரெகெப்டா' என்றால் பெறப்பட்டது. அதில் ப் நன்றாகவே ஒலித்தது. அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர்களின் வாயில் தேய்ந்து ப்-ஐ இழந்தது, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் அது வந்து சேர்ந்தபோதும் பி இல்லாத வடிவம்தான் வழக்கம். அப்புறம் லத்தீன் படித்தவர்கள், மூலச்சொல்லில் ப் இருக்கிறதே, எழுத்திலாவது அது தெரியட்டும் என்று பி-யைக் கொண்டுவந்து செருகிவிட்டார்கள். பேசுகிறவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. எழுத்து ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று இன்றுவரை அப்படியே ஓடுகிறது. கடனைச் சொல்லும் டெட், சந்தேகத்தைச் சொல்லும் டவுட், இரண்டிலும் ஒலிக்காத ஒரு 'பி' இருக்கிறதே (ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து), அதுவும் இதே மாதிரி லத்தீனைப் பார்த்துச் செருகியதுதான்.

சரி, நினைவில் வைப்பது எப்படி? வாய் திறக்காத எழுத்தை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், அதே எழுத்து வாய் திறந்து பேசும் சொந்தக்காரச் சொல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ரிசீட்டுக்கு ரிசெப்ஷன். ஒன்று பெற்றதற்கான சீட்டு, மற்றது வருபவர்களை வரவேற்று ஏற்கும் இடம், வேர் ஒன்றுதான், ரிசெப்ஷனில் 'ப்' தெளிவாகக் கேட்கிறது. ரிசீட் எழுதும்போது மனசுக்குள் ஒரு முறை ரிசெப்ஷன் என்று சொல்லிக்கொண்டால் பி தானாக வந்து உட்காரும். இதே வழியில் டெட்டுக்கு டெபிட், கையெழுத்திடுவதைச் சொல்லும் சைனில் மறைந்திருக்கும் 'ஜி'-க்கு சிக்னேச்சர், தசையைச் சொல்லும் மசிலில் மறைந்திருக்கும் 'சி'-க்கு மஸ்குலர். பத்து சொல்லுக்கு இப்படிச் சொந்தம் கண்டுபிடித்துப் பாருங்கள், பாதிப் பிழை போய்விடும்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. ஏமாற்றுவதைச் சொல்லும் டிசீட்டும் இதே குடும்பம்தான், அதற்கும் டிசெப்ஷன் என்ற சொந்தம் இருக்கிறது, அதிலும் ப் ஒலிக்கிறது. அப்படியானால் டிசீட்டிலும் பி வர வேண்டுமல்லவா? வராது. தற்பெருமையைச் சொல்லும் கன்சீட்டிலும் வராது. ஒரு காலத்தில் இந்த இரண்டையும்கூட பி போட்டு எழுதியவர்கள் உண்டு, ஆனால் நிலைத்தது ரிசீட்டில் மட்டும்தான். இதற்கு நியாயம் எதுவும் கிடையாது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, டிசீட்டை ஒரு விதமாகவும் ரிசீட்டை வேறு விதமாகவும் எழுதுவது பெரும்பான்மையோரின் வழக்கத்துக்கு இணங்கித்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்கே அந்த நிலைமை என்றால் நமக்கென்ன. மூன்றில் ரிசீட்டுக்கு மட்டும் பி, அவ்வளவுதான்.

பொருளுக்கு வருவோம். ரிசீட் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் மருந்தோ சமையலோ செய்யும் முறையையும் அது குறித்தது. பணமோ பொருளோ பெற்றதற்கு எழுதித் தரும் சீட்டு என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ரெசிபி இதன் உடன்பிறப்பு: லத்தீனில் 'எடுத்துக்கொள்' என்ற கட்டளை. மருத்துவர்கள் மருந்துச்சீட்டின் தலையில் எழுதிய சொல் அது, அதன் சுருக்கம்தான் காலில் கோடு வெட்டிய அந்த 'ஆர்' குறி. சமையல் குறிப்புக்கு ரெசிபி என்ற பெயர் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம்தான், பழைய ஆங்கிலச் சமையல் புத்தகங்களைத் திறந்தால் ரிசீட் என்றே இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்றைக்கு எழுதும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பணம் கேட்டு அனுப்பும் தாள் இன்வாய்ஸ், பணம் வந்துவிட்டது என்று தரும் தாள் ரிசீட். இரண்டையும் பில் என்று பேசிவிட்டுப் போகலாம், கடிதத்தில் மாற்றி எழுதினால் வம்பு. கணக்கு எழுதுகிறவர்கள் பன்மையில் சொன்னால் அது வந்து சேர்ந்த பணம். 'ஆன் ரிசீட் ஆஃப்' என்று வந்தால் கிடைத்தவுடன் என்று பொருள், அங்கே எண்ணிக்கை இல்லாததால் முன்னால் 'ஏ' போடக் கூடாது. இணையச் சண்டையில் யாராவது ரிசீட்ஸ் எங்கே என்று கேட்டால் பழைய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக் காட்டு என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று. நாம் சொல்லும் ரசீது இந்த ரிசீட்டின் தேய்ந்த வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, ரசீது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது, அங்கே 'ரசீத்' என்றால் வந்து சேர்ந்தது. ஒலியும் பொருளும் இப்படி ஒத்துப்போனது தற்செயல்தான், அதனால் ரசீதை வைத்து ரிசீட்டின் எழுத்தை ஊகிக்கப் போனால் அந்த பி மறுபடியும் காணாமல் போகும்.