கொடியிடையாளுக்கு ஒரு வீட்டு முகவரி: சரித்திரக் காதல் கதையைப் பழுதுபார்க்கும் முறை

ராஜராஜன் காலத்துக் காதல் கதை ஒன்றை எழுதத் தொடங்கி, ஆறாம் அத்தியாயத்தில் குடைசாய்ந்தேன். நிமிர்த்தி நிறுத்த எட்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது. கதைச்சுருக்கம், அத்தியாயப் பிரிப்பு எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அடி 1: ஆண்டை முடிவு செய்யுங்கள்

வெறுமனே ‘சோழர் காலம்’ என்றால் நானூறு ஆண்டு. என் கதை 1013. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கலசம் வைத்து மூன்று ஆண்டு, ராஜராஜன் இன்னும் அரியணையில். இவ்வளவு போதும்.

அடி 2: தேடுங்கள், அழியுங்கள்

எழுதியதைக் கணினியில் திறந்து கொடியிடை, கயல்விழி, கொவ்வை இதழ் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். என் ஐந்து அத்தியாயங்களில் கொடியிடை மட்டும் 17 முறை. தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் கேசாதிபாதம் பாடிய புலவர்கள்கூட ஒருமுறை பாடிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நாமோ அவள் கதவைத் திறக்கும்போதெல்லாம் இடுப்பை அளக்கிறோம். அழித்தபின் அவளைப் பற்றி ஒரு வரியும் மிஞ்சவில்லையா? எனக்கும் மிஞ்சவில்லை.

அந்தி நேரத்தில் தனியே வரும் வீரன், மார்பெல்லாம் விழுப்புண், மனிதப் பேச்சுப் புரியும் குதிரை. இதில் குதிரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடி 3: நந்தவனக் காட்சி

நான் விழுந்த இடம் இதுதான். அவள் வேண்டாம் என்கிறாள், அவன் கையைப் பிடித்து இழுக்கிறான். ‘விடுங்கள் என்ற சொல்லில் விருப்பம் ஒளிந்திருந்தது’ என்று எழுதியிருந்தேன். இப்படிப்பட்ட பக்கங்களை நூற்றுக்கணக்கில் படித்து வளர்ந்தவன் நான். எனக்கு அது உறுத்தவே இல்லை. கைப்பிரதியைப் படித்த தோழி கேட்டாள்: “ஒளிந்திருந்ததை இவன் எப்படிக் கண்டுபிடித்தான்?”

முதலில் நாணத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இன்னும் மோசமானது. பிறகு அவள் கையில் வாளைக் கொடுத்தேன். ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பேரை வீழ்த்தினாள். எட்டாம் அத்தியாயத்தில் அவன் வந்ததும் வாள் நழுவியது, அவன் தோளில் மயங்கிச் சாய்ந்தாள். மயங்கி விழுவதற்கென்றே வாள் கொடுத்திருக்கிறேன்!

கடைசியில் காட்சியை மூடிவைத்துவிட்டு, தஞ்சைக் கல்வெட்டுகள் அடங்கிய தொகுதியைத் திறந்தேன். பெரிய கோயிலுக்கு வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கான ஆடல் மகளிர், 400 பேரின் பட்டியல் அதில் இருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் முகவரி உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில் இத்தனை இருக்கிறது. என் கதாநாயகிக்கோ இடுப்பு மட்டும் இருந்தது.

எனவே காட்சி எழுதுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எங்கே குடியிருக்கிறாள்? வருமானம் என்ன? இன்று முடித்தாக வேண்டிய வேலை எது? யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

என் விடை: அவள் பங்கில் மூன்று கலம் குறைகிறது, கோயில் களஞ்சியமான பண்டாரத்துக்குக் கேட்கப் போகிறாள். வழியில் அவன் மறிக்கிறான். “பொழுது சாய்ந்தால் பண்டாரத்தைப் பூட்டிவிடுவார்கள். பேச வேண்டுமானால் கூடவே நடந்து வாருங்கள்” என்கிறாள். அவன் நடந்தான். கையைப் பிடித்து இழுக்கும் வரி தானாகவே உதிர்ந்துவிட்டது.

கருவி பற்றி ஒரு வார்த்தை. கதை திட்டமிடும் செயலிகள் மூன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். கதாநாயகியின் கண் நிறத்தைக் கேட்கின்றன, வருமானத்தைக் கேட்பதில்லை. நாற்பது பக்க நோட்டே மேல்.

அடி 4: வில்லன்

பொறாமைக்கார இளைய ராணி, சூழ்ச்சிக்காரப் புத்தத் துறவி. இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன் ராஜராஜன். மொட்டைத்தலையைக் கண்டதும் வாசகர் சந்தேகப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். என் வில்லன் இப்போது நெல் அளப்பவன்.

பின்சேர்க்கை 1: அரசகுலப் பெண்ணுக்கும் இந்த நான்கு கேள்விகள் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. குந்தவை தந்த கொடைகளும் அதே கோயிலில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. திருவாரூர்க் கல்வெட்டையும் பாருங்கள். ராஜராஜன் மகன் ராஜேந்திரனும் அவன் அணுக்கி (நெருக்கமானவள்) பரவை நங்கையும் நின்ற இடத்தைக் காட்ட அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்தவளும் அவள்தான். கொடியிடை என்ற சொல் இல்லாமலே எனக்குத் தொண்டை அடைத்தது.

பின்சேர்க்கை 2: பண்டாரத்துக்குப் போகும் வழியில் அவளைக் கொய்யா கடிக்கவைத்திருந்தேன். கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம், போர்த்துக்கீசியர் வந்தபிறகே இங்கே வந்தது என்று ஒரு வாசகி சுட்டிக்காட்டினார். மிளகாய்க்கும் அதே கதைதான். நாவல்பழமாக மாற்றிவிட்டேன். நாக்கு ஊதாவாக இருப்பதைப் பார்த்து நெல் அளப்பவன் சிரிக்கிறான். அந்த இடம் முன்பைவிட நன்றாகவே வந்திருக்கிறது.