கர்ப்பகால ஜிகா தொற்று: குழந்தையைத் தொடர்ந்து கண்காணிப்பது எப்படி?

1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட ஜிகா வைரஸ், நெடுங்காலம் இலேசான காய்ச்சலைத் தருவதாகவே கருதப்பட்டது. 2015-இல் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில், ரெசிஃபி போன்ற நகரங்களில், தலை மிகச் சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்த பிறகே அது கருவைத் தாக்கும் என்பது தெரியவந்தது. அன்று முதல் சிறுத்த தலையே இந்நோயின் அடையாளமாக மனத்தில் பதிந்துவிட்டதால், பிறக்கும்போது தலையளவு சரியாக இருந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறானது.

நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் வைரஸ், நரம்பணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை அழிக்கிறது. இதனால் மூளையின் வெளியடுக்கான புறணி மெலிந்து, அதன் அடியில் கால்சியம் படிகிறது. கடுமையான பாதிப்பில், உருவாகியிருந்த மூளைத் திசுவே சிதைந்து மண்டையோடு ஓரளவு உள்ளொடுங்கிப் போகிறது. விழித்திரையில் தழும்பு, வளைபாதம், மூட்டு இறுக்கம், தசை விறைப்பு ஆகியவையும் காணப்படலாம். கர்ப்பத்தில் தொற்றுக்கு ஆளான தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேரிடம் பாதிப்பு தெரிவதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. முதல் மூன்று மாதங்களில் ஆபத்து மிகுதி என்றாலும், பிந்திய மாதங்களும் பாதுகாப்பானவை அல்ல.

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆகவே காய்ச்சல் வரவில்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளக் கூடாது. நோய் பரவும் ஊரில் வசித்தாலோ, அங்கே சென்று வந்தாலோ, கணவர் அவ்வாறு சென்று வந்திருந்தாலோ, முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், தோல் தடிப்பு, கண் சிவப்பு, மூட்டுவலி ஆகியவை தோன்றினால், நாள் கடத்தாமல் இரத்தத்திலும் சிறுநீரிலும் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நாள் கடந்தால், வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிரணுக்களை (ஆன்டிபாடி) தேடும் பரிசோதனையையே நம்ப வேண்டியிருக்கும். டெங்கு மிகுந்த நம் ஊர்களில் அதன் முடிவு குழப்பம் தரும், ஏனெனில் டெங்குவின் எதிரணுக்களையும் அது ஜிகா என்று காட்டக்கூடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைத் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இது தொலைதேசத்துச் செய்தி அன்று: 2017-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது, 2021-இல் கேரளத்தின் முதல் தொற்று தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்த கர்ப்பிணியிடம் கண்டறியப்பட்டது.

தடுப்பூசியோ தனி மருந்தோ இன்னும் இல்லாததால், தடுப்பு முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது. ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். இரவு வலை மட்டும் போதாது. தொட்டி, குடம் ஆகியவற்றின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். உடலுறவு வழியாகவும் வைரஸ் பரவுவதால், தொற்றுப் பகுதியில் வசிக்கும் அல்லது அங்கிருந்து திரும்பிய கணவர் பிரசவம் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும், அல்லது உறவைத் தவிர்க்க வேண்டும்.

தொற்று உறுதியானால், மருத்துவர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து தலையின் வளர்ச்சியை ஒப்பிடுவார். ஒரே ஸ்கேன் சரியாக இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது.

பிரசவத்தின்போது தலை அழுந்தி வடிவம் மாறியிருக்கும். அதனால் 24 மணி நேரத்துக்குப் பிறகு, முதல் வாரத்துக்குள் மீண்டும் அளக்க வேண்டும். நீளாத நாடாவைப் புருவங்களுக்கு மேலாகவும் பின்தலையின் மிகப் புடைத்த பகுதியைச் சுற்றியும் வைத்து அளப்பதே முறை. நிறைமாதக் குழந்தைகளில் ஆணுக்கு 31.9 செ.மீ., பெண்ணுக்கு 31.5 செ.மீ. என்ற அளவுக்குக் கீழே இருந்தால் மேற்பரிசோதனை தேவை. குறைமாதக் குழந்தைகளுக்கு அட்டவணை வேறு. தலையளவு எதுவானாலும், மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, செவிப் பரிசோதனை ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பிறந்தபோது இயல்பாக இருந்த தலை பின்னர் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் பிரேசிலில் உண்டு; ஆகையால் ஒவ்வொரு சந்திப்பிலும் தலைச்சுற்றளவைத் தாய் சேய் நல அட்டையில் தேதியுடன் குறிக்கச் சொல்லி, விழுங்குவதில் சிரமம், வலிப்பு, ஓயாத அழுகை ஆகியவற்றையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.